அகதிகளுக்கு உதவும் அக்காவுக்கு எம்பிஈ: முன்மொழிவது எப்படி?

(திகதிக்குப் பக்கத்தில் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பெப்ரவரி 3, தேம்ஸ்கரை

எங்கள் பகுதியில் தஞ்சம் கோரி வந்தவர்களுக்கு உதவும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதைத் தொடங்கிய அக்கா இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர், இங்கே நிரந்தர வதிவிட உரிமை உண்டு. சூடான், எரித்திரியா, ஆப்கானிஸ்தான், எங்கட ஆட்கள், யார் வந்தாலும் பார்ப்பார். அவருக்கு எம்பிஈ என்ற பிரித்தானிய அரச விருது கிடைக்கவேண்டும் என்று தொண்டர்கள் சிலர் நினைக்கிறோம். பிரித்தானியக் குடியுரிமை இல்லாதவருக்கு அது கிடைக்குமா? யார் எழுதவேண்டும்? முதலில் அவரிடம் சொல்லலாமா?

பெப்ரவரி 3, பனங்கூடல்

அவரிடம் சொல்லவேண்டாம். முன்மொழியப்படுபவருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் முறை. கிடைக்காமல் போனால் ஏமாற்றம் அவருக்கு, மனத்தாங்கல் உங்களுக்கு.

யாரும் எழுதலாம், தனக்குத்தானே எழுத முடியாது. அரசின் இணையத்தளத்திலேயே படிவம் இருக்கிறது. பெயர், வயது, முகவரி, தொடர்பு விபரம், செய்த வேலை, முன்பு கிடைத்த பாராட்டுகள், அவரை நேரடியாக அறிந்த இரண்டு பேரின் ஆதரவுக் கடிதங்கள். பத்திரிகைத் துண்டுகள் இருந்தால் சேருங்கள். முடிவு வர 12 முதல் 18 மாதம் எடுக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்தக் காலம் முழுக்க அவர் வேலையில் இருக்கவேண்டும், ஆகையால் ஓய்வு பெறும் தறுவாயில் அனுப்பாதீர்கள்.

உள்ளே போனபின் துறைவாரிக் குழு, அதற்குமேல் பிரதான குழு, பிறகு பிரதமர் வழியாக மன்னர். நடுவில் வரித் திணைக்களம் உட்பட அரச இலாகாக்களிடம் அவரைப் பற்றி விசாரிப்பார்கள். தெரிவானால் அறிவிப்புக்கு முன்பே அவருக்குக் கடிதம் வரும், ஏற்கிறேன் அல்லது வேண்டாம் என்று பதில் போடலாம்.

பெப்ரவரி 4, வடலி

பனங்கூடல் சொன்னது பிரித்தானியக் குடிமக்களுக்கான பாதை. அக்கா இலங்கைக் குடிமகள் என்பதால் அவருக்குக் கிடைப்பது கௌரவ எம்பிஈ. அதை வெளிநாட்டு அமைச்சர் பரிந்துரைப்பார். மன்னரைத் தங்கள் அரசுத் தலைவராகக் கொள்ளாத நாடுகளின் குடிமக்கள் எல்லோருக்கும் இதே விதி. இலங்கையும் இந்தியாவும் கொமன்வெல்த் நாடுகள் என்றாலும் குடியரசுகள். கனடாக்காரர் என்றால் கதை வேறு.

கௌரவ விருது புத்தாண்டுப் பட்டியலில் வராது. ஜனவரி முதலாம் திகதி பேப்பரில் பெயரைத் தேடிக் காணாமல் ஏமாறவேண்டாம். பின்னர் குடியுரிமை எடுத்தால் அதை முழு விருதாக மாற்றிக்கொள்ளலாம். வயலின் மேதை யெஹுடி மெனுஹின் 1965 இல் கௌரவ நைட் பட்டம் பெற்றவர், 1985 இல் பிரித்தானியக் குடிமகனானதும் 'சேர்' ஆனார். அக்கா குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தில் இருந்தால் எது முதலில் என்று யோசிப்பது நல்லது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வரி: அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்பு, எந்த வெளிநாட்டு அரசிடமிருந்தும் பட்டம் ஏற்கக்கூடாது என்கிறது. ஆனாலும் ரத்தன் டாடா 2009 இல் நைட் தரமான கௌரவ கேபிஈ பெற்றார். கௌரவ விருதுக்காரர் பெயருக்கு முன்னால் 'சேர்' வராது. அரச பதவியில் இருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே அனுமதி கேட்கவேண்டிய நிலை வரலாம்.

பெப்ரவரி 4, தேம்ஸ்கரை

நன்றி. எழுதத் தொடங்கிவிட்டோம். முதல் பந்தி இது: "இரவு பகல் பாராது, தன்னலமின்றி, இன மத பேதமின்றி அகதிகளின் கண்ணீரைத் துடைத்து வரும் ஒப்பற்ற சேவையாளர்." எப்படி இருக்கிறது?

பெப்ரவரி 5, பனங்கூடல்

இதை மணிவிழா மலருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும் குழு இதே வாக்கியத்தை எல்லாக் கோப்பிலும் பார்க்கிறது. அக்காவின் பெயரை எடுத்துவிட்டு வேறு யாருடைய பெயரைப் போட்டாலும் பொருந்துகிறது என்றால் அந்த வாக்கியம் உங்களுக்கு உதவாது.

அவர் இல்லாவிட்டால் எது நடந்திராது? அதை எழுதவேண்டும். ஓர் உதாரணம். ஒருவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்ததும் அவருடைய தஞ்ச உதவிப் பணமும் தங்குமிடமும் நிற்கும். நீண்டகால விதிப்படி அவகாசம் 28 நாள். அதன்பின் விண்ணப்பிக்கும் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவியின் முதல் பணம் வர வழமையாக ஐந்து கிழமை, அதாவது 35 நாள். அதுவும் முதல் நாளே விண்ணப்பித்தால்தான். வங்கிக் கணக்கு இல்லாவிட்டால், இணையவழி விசாக் கணக்கில் பெயர் பிழையாக இருந்தால் இன்னும் இழுபடும். அந்தஸ்து கிடைத்த மகிழ்ச்சியோடு ஆள் தெருவுக்கு வருவது இந்த இடைவெளியில்தான். அக்காவின் நிறுவனம் இங்கே என்ன செய்கிறது? கடிதம் வந்த அன்றே விண்ணப்பம் போட வைக்கிறதா, வங்கிக்குக் கூட்டிப் போகிறதா, கவுன்சிலின் வீடற்றோர் பிரிவுக்கு 28 நாள் முடியும் முன்பே அறிவிக்கிறதா? கடந்த வருடம் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் தெருவுக்குப் போகாமல் நேராக அறைக்குப் போனார்கள்? பதிவேட்டைப் பார்த்து அந்த எண்ணை எழுதுங்கள். சிறிய எண் என்றாலும் பரவாயில்லை.

குழுவில் இருப்பவர்களுக்குத் தஞ்ச நடைமுறை தெரியும் என்று நினைத்து எழுதாதீர்கள். மேலே உள்ள 28, 35 கணக்கை இரண்டு வரியில் விளக்கினால்தான் அவர் செய்வதன் பெறுமதி அவர்களுக்குப் புரியும்.

இன்னொன்று. அவர் சம்பளம் எடுத்துச் செய்யும் வேலையையும் அதற்கு அப்பால் செய்வதையும் பிரித்துக் காட்டுங்கள். சம்பளத்துக்குரிய கடமையைச் செய்ததற்கு விருது கொடுப்பதில்லை.

பெப்ரவரி 6, ஆலங்கிளை

படிவத்தை அனுப்ப முன் இதை வாசியுங்கள். எழுத்தில் போட்டால் அக்காவையே மாட்டிவிடக்கூடிய விடயம் இது.

1999 குடிவரவு மற்றும் தஞ்சச் சட்டப்படி, தகுதியோ பதிவோ இல்லாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது குற்றம். இலவசமாகச் செய்தாலும் குற்றம், தொண்டு நிறுவனம் செய்தாலும் குற்றம். பதிவு கொடுக்கும் அமைப்பை நெடுங்காலம் ஓஐஎஸ்சி என்றோம், 2025 ஜனவரியிலிருந்து குடிவரவு ஆலோசனை அதிகாரசபை. சட்டத்தரணிகளுக்கு அவர்களுடைய சொந்தத் தொழில் அமைப்பின் ஒழுங்கு உண்டு, மற்றவர்கள் மூன்று படிநிலைகளில் ஒன்றில் பதிந்திருக்கவேண்டும்.

இப்போது உங்கள் முன்மொழிவில் "பலருடைய தஞ்சக் கோரிக்கையைத் தயாரித்து, மேன்முறையீட்டுக்கு வழிகாட்டி வெற்றி பெறச் செய்தார்" என்று இருந்தால்? பாராட்டாக எழுதியது சாட்சியமாகிவிடும். அக்காவோ நிறுவனமோ பதிவு பெற்றிருந்தால் பதிவையும் படிநிலையையும் தெளிவாக எழுதுங்கள், அதுவே பெரிய பலம். இல்லையென்றால் உண்மையில் செய்ததை மட்டும் எழுதுங்கள்: மொழிபெயர்த்தார், சட்டத்தரணியிடம் சேர்ப்பித்தார், நேர்முகத்துக்குத் துணையாகப் போனார், கடிதத்தை வாசித்துச் சொன்னார். சரியான இடத்துக்கு அனுப்பிவைப்பது ஆலோசனை ஆகாது. "உங்கட கேஸில் இதைச் சொல்லுங்கோ, அதைச் சொல்லாதேங்கோ" என்பது ஆலோசனை.

நிறுவனம் உண்மையிலேயே பதிவில்லாமல் ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தால், விருதை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அதை நிறுத்தி, பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பிழையான ஒரு வார்த்தையால் ஒருவருடைய கேஸ் கெட்டால் எந்தப் பதக்கமும் அதை ஈடுசெய்யாது.

பெப்ரவரி 6, தேம்ஸ்கரை

பதிவு இல்லை. மொழிபெயர்ப்பும் துணைபோதலும்தான். வரைவில் "கேஸ் வென்று கொடுத்தார்" என்று இரண்டு இடத்தில் இருந்தது, எடுத்துவிட்டோம்.

பெப்ரவரி 8, ஆலங்கிளை

ஆதரவுக் கடிதங்கள் பற்றி. உதவி பெற்றவர்களிடம் கடிதம் வாங்கத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அந்தஸ்து கிடைத்து நிலைபெற்றவர் என்றால் நல்லது. கேஸ் நடந்துகொண்டிருப்பவரிடம் கேட்காதீர்கள். "நான் 2022 இல் இத்தாலி வழியாக வந்தபோது" என்று அவர் அன்போடு எழுதும் ஒரு வரி, ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) நேர்முகத்தில் சொன்னதோடு மாறுபட்டால் நம்பகத்தன்மை போய்விடும். அவரே விரும்பினாலும் அவருடைய சட்டத்தரணி பார்த்த பிறகுதான்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். "2021 இல் எங்கள் ஊருக்கு வந்த எரித்திரிய மருத்துவத் தாதி, மூன்று பிள்ளைகளின் தாய்" என்றால் அந்தச் சமூகத்தில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரியும். நாடு, வருடம், தொழில், குடும்ப விபரம் நாலையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுங்கள். ஊரில் விட்டுவந்த தாய் தகப்பன் இருக்கிறார்கள், அங்கே வாசிக்கிற கண்களும் இருக்கின்றன. படத்துக்கும் இதே எச்சரிக்கை. நிகழ்ச்சியில் எடுக்க அனுமதித்தவர் பத்திரிகையில் போட அனுமதித்ததாக ஆகாது.

யாரிடம் கடிதம் வாங்கலாம்? பிள்ளைகளைச் சேர்த்த பாடசாலையின் அதிபர், ஜிபி (குடும்ப மருத்துவர்) நிலைய முகாமையாளர், கவுன்சிலர், பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகம், அவர் அனுப்பும் ஆட்களை ஏற்கும் சட்ட நிறுவனம். ஒவ்வொருவரும் தன் கண்ணால் கண்ட ஒரு பக்கத்தை எழுதட்டும். நீங்களே ஒரு கடிதம் எழுதி இரண்டு பேரிடம் ஒப்பம் வாங்கினால் அது வாசித்த உடனேயே தெரியும்.

பெப்ரவரி 9, வடலி

இன்னொரு பக்கமும் யோசிக்கவேண்டும். ஏன் தனி ஆளுக்கு?

நிக்கலஸ் வின்டனை எல்லோருக்கும் தெரியும். போர் தொடங்கும் முன் பிராக் நகரிலிருந்து 669 பிள்ளைகளைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்த முயற்சியின் முகம் அவர். அவருக்கு 1983 இல் கிடைத்த எம்பிஈ முதியோர் இல்லப் பணிக்குத்தான், பிள்ளைகளுக்காக அல்ல. அந்தக் கதை நாடறிய வெளிவந்ததே 1988 இல். 2003 இல் நைட் பட்டம், 2014 இல் 105 வயதில் செக் நாட்டின் உயரிய வெள்ளைச் சிங்க விருது. பிராக்கில் தங்கி ஆட்களைத் தெரிந்து ரயிலேற்றியவர்கள் டொரீன் வரினரும் ட்ரெவர் சாட்விக்கும். வரினருக்கு 1941 இல் எம்பிஈக்கு ஒரு படி மேலான ஓபிஈ கிடைத்தது. சாட்விக்கின் பெயர் இன்றும் பலருக்குத் தெரியாது. வின்டன் தானே திரும்பத் திரும்ப அவர்களுடைய பெயரைச் சொன்னார். ஒருவருடைய சட்டையில் பதக்கத்தைக் குத்தினால் மற்றவர்கள் மறைவார்கள், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும்.

குழுவுக்கென்றே ஒன்று உண்டு: தன்னார்வச் சேவைக்கான மன்னர் விருது. 2002 இல் மகாராணியின் பெயரில் தொடங்கியது, எம்பிஈக்குச் சமமான மதிப்பு. மன்னர் ஒப்பமிட்ட சான்றிதழும் ஒரு கண்ணாடிப் படிகமும் தருவார்கள். மாவட்டத்தில் மன்னரின் பிரதிநிதியான லோர்ட் லெப்டினன்ட் வந்து கொடுப்பார். இரண்டு தொண்டர்களுக்கு அரச தோட்ட விருந்துக்கு அழைப்பு வரும். பணம் இல்லை. அறிவிப்பு மன்னரின் பிறந்தநாளான நவம்பர் 14 இல்.

வேறுபாடுகளைக் கவனியுங்கள். குழுவில் இருப்பவர் முன்மொழிய முடியாது, ஆகவே தேம்ஸ்கரை, நீங்கள் தொண்டர் என்றால் உங்களால் முடியாது. வெளியாள் ஒருவர் எழுதவேண்டும், இரண்டு ஆதரவுக் கடிதமும் வெளியாரிடமிருந்து. இதை இரகசியமாக வைக்க முடியாது, ஏனென்றால் மதிப்பீட்டாளர்கள் நேரில் வருவார்கள். பிள்ளைகள் பாதுகாப்புக் கொள்கை, தொண்டர்களின் பின்னணிச் சோதனை எல்லாம் கேட்பார்கள். குழுவில் பெரும்பான்மையானோர் சம்பளமில்லாத் தொண்டர்களாக இருக்கவேண்டும்.

அகதி அமைப்புகள் தடுக்கி விழும் இடம் இது: தொண்டர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இங்கே வசிக்கும் உரிமை உள்ளவர்களாக இருக்கவேண்டும். தஞ்சம் கோரிக் காத்திருப்பவர்களே தொண்டு செய்யும் அமைப்புகள் பல. அது அவர்களுடைய பெருமை, ஆனால் படிவத்தில் கணக்குப் பார்க்காமல் அனுப்பினால் திரும்பி வரும்.

பெப்ரவரி 10, ஆலங்கிளை

வடலி சொன்னதோடு சேர்த்து. தஞ்சம் கோரியவர் தொண்டு நிறுவனத்தில் தொண்டு செய்யலாம், வேலை செய்யக்கூடாது. உண்மையான போக்குவரத்துச் செலவைச் சீட்டுக்குக் கொடுக்கலாம். "கிழமைக்கு இருபது பவுண் கைச்செலவு" என்று மொத்தமாகக் கொடுத்தால் அது சம்பளம் ஆகிவிடும், அவருடைய தலையில் சட்டவிரோத வேலை என்று விழும். 2024 இல் ஒருவருக்குக் கிடைத்த தஞ்ச உதவி கிழமைக்கு 49.18 பவுண். அந்த நிலையில் பஸ் காசு பெரிய விடயம், கட்டாயம் கொடுங்கள், ஆனால் டிக்கெட்டை வாங்கி வையுங்கள்.

பெப்ரவரி 11, கணக்குப்பிள்ளை

பெயர் கொடுக்க முன் நிறுவனத்தின் பொதுப் பக்கத்தைப் பாருங்கள். தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் சரிட்டி கொமிஷனின் பதிவேட்டில் வருடாந்த அறிக்கை தாமதமானால் அது எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். நிதியாண்டு முடிந்து பத்து மாதம் கெடு. சிறிய நிறுவனங்கள் பெரும்பாலும் தவறுவது இதில்தான், களவு எதுவும் இருக்காது, பொருளாளர் மாறியிருப்பார், கடவுச்சொல் பழைய ஆளிடம் இருக்கும். விசாரிக்கிறவர் அதையெல்லாம் கேட்கப்போவதில்லை.

பணத்தோடு வரும் விருதுகளும் உண்டு. காசோலை வரமுன்னே கேளுங்கள்: இது ஆளுக்கா, நிறுவனத்துக்கா? எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்துக்கு என்றால் அறங்காவலர் கூட்டக் குறிப்பில் பதிந்து நிறுவனக் கணக்கில் போடவேண்டும். "ஆங்கில வகுப்புக்கு மட்டும்" என்று கொடுத்தவர் சொன்னால் அது கட்டுப்படுத்தப்பட்ட நிதி, வாடகைக்கு எடுக்க முடியாது, தனியாகக் கணக்கு வைக்கவேண்டும். ஆளுக்கு என்றால் அது அவருடைய வரிப் பிரச்சினை. அவர் விரும்பி நிறுவனத்துக்குத் தந்தால் கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கான வரிச் சலுகை) படிவம் நிரப்பித் தரட்டும், ஒவ்வொரு பவுணுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூட வரும். அதற்கேற்ற வரியை அவர் கட்டியிருக்கவேண்டும்.

அரண்மனைக்குப் போகும் உடுப்பு, ஹோட்டல், குடும்பத்தின் டிக்கெட் எதுவும் நிறுவனப் பணத்தில் இல்லை.

பெப்ரவரி 12, பனங்கூடல்

பணம் வரும் விருது என்றதும் நான்சென் அகதிகள் விருது நினைவுக்கு வருகிறது. ஐநா அகதிகள் ஆணையம் 1954 முதல் வழங்குவது, முதலாவதைப் பெற்றவர் எலினோர் ரூஸ்வெல்ட். பெயருக்குரிய ஃப்ரிட்யோஃப் நான்சென் நோர்வேயின் துருவப் பயணி, ஐநாவுக்கு முன்பிருந்த நாடுகளின் சங்கத்தின் முதல் அகதிகள் ஆணையாளர். நாடற்றவர்களுக்கு அவர் உருவாக்கிய பயணப் பத்திரம்தான் நான்சென் கடவுச்சீட்டு. 1922 இல் அவருக்கு அமைதிக்கான நோபல்.

யாருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். 2015 இல் பாகிஸ்தானில் அகதிச் சிறுமிகளுக்குப் பள்ளி நடத்திய ஆப்கான் அகதி ஆசிரியை அகீலா ஆசிஃபி. 2023 இல் கென்யாவின் அகதி முகாம்களுக்குப் புத்தகங்கள் சேர்த்த அப்துல்லாஹி மிரே, அவரும் முகாமில் வளர்ந்தவர். 2019 இல் கிர்கிஸ்தானின் வழக்கறிஞர் அசிஸ்பெக் அஷுரோவ், ஆயிரக்கணக்கான நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்த குழுவின் தலைவர். அகதியாக இருந்தவர்களே அகதிகளுக்குச் செய்யும் வேலையைப் பட்டியல் மதிக்கிறது. எங்கள் சமூகத்தில் அப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்க, முன்மொழியத்தான் ஆளில்லை.

பெப்ரவரி 15, ஆலங்கிளை

கிடைத்த பிறகு வரும் ஆபத்தையும் பேசுவோம். 2024 ஓகஸ்டில் தஞ்சம் கோருவோர் தங்கிய ஹோட்டல்கள் தாக்கப்பட்டன, குடிவரவு ஆலோசனை நிலையங்களின் முகவரிப் பட்டியலே சமூக ஊடகங்களில் சுற்றியது. "அகதிகளுக்கான சேவைக்காக" என்று பெயர் வெளிவந்ததும் சிலர் தேடி வருவார்கள். ஆகவே அறிவிப்புக்கு முன்: இணையத்தளத்திலிருந்து வீட்டு முகவரியை எடுங்கள், பலருக்கு நிறுவன முகவரியே வீட்டு முகவரிதான். அறங்காவலருக்கு உண்மையான ஆபத்து என்றால் பொதுப் பதிவேட்டில் பெயரைக் காட்டாமலிருக்க சரிட்டி கொமிஷனிடம் விலக்குக் கேட்கலாம். வகுப்பு நடக்கும் மண்டபத்தையும் நேரத்தையும் பத்திரிகைக்குக் கொடுக்காதீர்கள். முகநூல் பக்கத்தின் பின்னூட்டங்களை முதல் சில நாள் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ளவேண்டும், அது அக்காவாக இருக்கக்கூடாது.

பெப்ரவரி 16, கணக்குப்பிள்ளை

ஒரு கேள்வி. ஆட்களைத் திருப்பி அனுப்பும் அதே அரசிடமிருந்து பதக்கம் வாங்குவது சரியா?

பெப்ரவரி 17, வடலி

நேர்மையான கேள்வி. மத்தியதரைக் கடலில் ஆட்களை மீட்ட கப்பல் தலைவி பியா க்ளெம்ப், 2019 இல் பாரிஸ் நகரம் கொடுக்க வந்த பதக்கத்தை மறுத்தார். தெருவில் படுக்கும் அகதிகளின் போர்வையைப் பொலிஸ் பறிக்கும் நகரம் எனக்குப் பதக்கம் தருவதா என்பது அவர் கேட்டது. கவிஞர் பெஞ்சமின் செஃபனாயா 2003 இல் ஓபிஈயை மறுத்ததற்குக் காரணம் பேரரசின் வரலாறு. இரண்டு மறுப்பையும் மதிக்கிறேன்.

ஆனால் சிறிய நிறுவனத்தின் நிலை வேறு. அந்தச் சான்றிதழ் சுவரில் இருந்தால் கவுன்சில் அதிகாரி தொலைபேசியை எடுப்பார், மண்டப உரிமையாளர் வாடகை ஒப்பந்தம் தருவார், நிதி கொடுக்கும் அமைப்பு விண்ணப்பத்தை இரண்டாம் முறை வாசிக்கும். பயன் அகதிகளுக்கே போய்ச் சேருகிறது. என் கருத்து: குழு விருதை எடுக்கலாம், தனி விருதை அந்த மனிதரின் மனச்சாட்சிக்கு விடலாம். மறுப்பவர் கடிதம் வரும்போதே அமைதியாக மறுத்தால் வெளியே தெரியாது, உரத்து மறுப்பதும் அவருடைய உரிமை.

பெப்ரவரி 24, தேம்ஸ்கரை

எல்லாவற்றையும் வாசித்துத் தொண்டர்கள் கூடிப் பேசினோம். முதலில் குழு விருது. பாடசாலை அதிபர் முன்மொழியச் சம்மதித்திருக்கிறார். கடிதங்கள் ஜிபி நிலையத்திலிருந்தும் ஒரு கவுன்சிலரிடமிருந்தும். தொண்டர்களின் வதிவிட உரிமையைக் கணக்குப் பார்த்தோம், பாதிக்கு மேல் வருகிறது, ஆனால் மயிரிழையில். இரண்டு பேர் விலகினால் போய்விடும்.

பெப்ரவரி 24, வடலி

அப்படியானால் அனுப்பும் திகதியில் உள்ள தொண்டர் பட்டியலை ஒப்பத்தோடு எடுத்து வையுங்கள், மதிப்பீட்டாளர் வரும் நாளில் இன்னொன்று. அந்தஸ்துக்குக் காத்திருக்கும் தொண்டர்களைப் பட்டியலிலிருந்து நீக்கி எண்ணிக்கையைச் சரிப்படுத்தும் யோசனை வந்தால் வேண்டாம். கவுன்சிலில் சொல்லி உள்ளூர்க்காரர்களைத் தேடுங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வருவார்கள்.

பெப்ரவரி 25, பனங்கூடல்

வரைவு முடிந்ததும் தஞ்ச நடைமுறை தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். எந்த இடத்தில் நிறுத்தி "இது என்ன?" என்று கேட்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். அந்த 28, 35 பந்தி உள்ளே இருக்கட்டும்.